அடுக்கில் ஒளிந்திருக்கும் ரேகைகள்

மோகுமே கானே ஒரு ஜப்பானிய உலோகக் கைவினை. வெவ்வேறு நிற உலோகத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சூட்டில் ஒட்டவைத்து, அந்தக் கட்டியை ஆங்காங்கே குழித்துத் தட்டித் தட்டையாக்கினால், மேற்பரப்பில் மரத்தின் ரேகைகளைப் போன்ற வரிகள் எழும். பெயருக்குப் பொருளே மரக்கண் உலோகம்தான். இதே அடுக்கு முறையில், உலோகத்துக்குப் பதிலாகப் பாலிமர் களிமண் என்னும் பிளாஸ்டிக் பிசையலைக் கொண்டு இன்று பல நாடுகளில் வீட்டு மேசைகளிலேயே காதணிகள் செய்யப்படுகின்றன. கரி உலையின் இடத்தில் ஓடிஜி என்ற சமையலறை மின்னடுப்பு வந்திருக்கிறது. சுத்தியலின் இடத்தில் உருளைக் கட்டை. உளியின் இடத்தில் காகிதம்போல மெல்லிய பிளேடு. இவ்வளவு மாறியும் வரிகள் மட்டும் அப்படியே வருகின்றன. அவற்றை உண்டாக்குவது வடிவியல் என்பதால், எந்தப் பொருளை அடுக்கினாலும் அந்தக் கணக்கு ஒன்றுதான்.

வடக்கு ஹொன்ஷூவிலுள்ள அகிதா பகுதியில் வாழ்ந்த ஷோவாமி தென்பெய் (1651–1728) என்ற உலோகக் கலைஞரே இந்த முறையைத் தொடங்கிவைத்தவராகக் கருதப்படுகிறார். சாமுராய் வாள்களின் கைப்பிடிக் காப்புத் தகடு போன்ற அணிகளைச் செய்தவர் அவர். அவருடைய தொடக்க காலப் படைப்புகளுக்கு முன்மாதிரி உலோகமே அல்ல, அரக்குப் பூச்சு வேலை. சிவப்பும் கறுப்புமாக மாற்றி மாற்றிப் பல பூச்சுகள் பூசி, உலர்ந்தபின் சாய்வான பள்ளங்களாகச் செதுக்கினால், பள்ளத்தின் சுவர்களில் நிறக் கோடுகள் தெரியும். சீனத்திலிருந்து ஜப்பானுக்கு வந்த இந்த அரக்கு வேலையைத் தென்பெய் உலோகத்தில் செய்துபார்த்தார். ஆக, ஒரு பொருளின் அடுக்கு முறையை வேறொரு பொருளுக்கு மாற்றுவது இந்தக் கலையின் பிறவிக் குணம். பிளாஸ்டிக்கில் செய்வதைப் போலி என்று ஒதுக்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

உலோக வேலையில் செம்பு, வெள்ளி, தங்கம் ஆகியவற்றோடு ஷகுதோ என்ற செம்பு–தங்கக் கலவையும், ஷிபுயிச்சி என்ற செம்பு–வெள்ளிக் கலவையும் பயன்பட்டன. தகடுகளை நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்து, இறுக்கிக் கட்டி, உருகும் நிலைக்குச் சற்றுக் கீழே சூடேற்றுவார்கள். அந்தச் சூட்டில் ஒரு தகட்டின் அணுக்கள் அடுத்த தகட்டுக்குள் கொஞ்சம் ஊடுருவும். பற்றவைப்பு உலோகம் எதுவும் இல்லாமலேயே அடுக்கு முழுவதும் ஒரே கட்டியாகிவிடும். இதற்கு விரவல் பிணைப்பு என்று பெயர். சூடு கொஞ்சம் கூடினால் எல்லாம் உருகிக் கலந்து நிறம் போய்விடும். குறைந்தால் தட்டும்போது தகடுகள் பிரிந்துவிடும். 1876இல் பொது இடங்களில் வாள் அணிவதை ஜப்பானிய அரசு தடைசெய்தபோது வாள் அணிகளுக்கான சந்தை படுத்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் டிஃபனி நிறுவனத்தில் எட்வர்ட் மூர் இந்த வரிகளை வெள்ளிப் பாத்திரங்களில் கொண்டுவர முயன்றார். 1970களில் ஹிரோகோ சாத்தோ பிஜனோவ்ஸ்கி, ஜீன் பிஜனோவ்ஸ்கி தம்பதி அமெரிக்க நகைக் கலைஞர்களிடம் இதைப் பரப்பினார்கள். அங்கிருந்துதான் அது பாலிமர் களிமண்ணில் வேலை செய்பவர்களின் மேசைக்கு வந்தது.

தென்னிந்தியாவில் வடிக்கப்பட்ட வூட்ஸ் எஃகால் செய்த வாள்களின் வரிகளையும் மோகுமே கானே வரிகளையும் சிலர் ஒன்றாகப் பேசுவதுண்டு. அவை வேறு வேறு. வூட்ஸ் எஃகில் யாரும் தகடு அடுக்குவதில்லை. மூசையில் உருகிய எஃகு மெதுவாக ஆறி, பிறகு தட்டப்படும்போது, கார்பைடு துகள்கள் தாமாகவே பட்டை பட்டையாகச் சேர்வதால் வந்த வரிகள் அவை. ஆனால் அந்த வாள்களில் சிலவற்றில் காணப்படும் ஏணிப்படி வரிகளுக்குப் பின்னால் உள்ள உத்தி இங்கே பொருத்தமானது. வாளின் முகத்தில் குறுக்காகப் பள்ளம் வெட்டி, மறுபடி தட்டிச் சமனாக்கினால், உள்ளே இருக்கும் பட்டைகள் மேலே வளைந்து வந்து படிகளாகத் தெரியும். பள்ளமும் சமனாக்கலும் சேர்ந்தால் வரி பிறக்கிறது. காதணியிலும் இதுவே நடக்கிறது.

பிசையலின் உள்ளே

பாலிமர் களிமண் எனப்படுவது பி.வி.சி. துகள்களும் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற திரவமும் சேர்ந்த கலவை. கூடவே நிறமிகளும், சுண்ணத்தூள், வெண்களிமண் போன்ற நிரப்புப் பொருள்களும் இருக்கும். தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் அதே பி.வி.சி.தான். வினைல் குளோரைடு வாயு வெயில்பட்டு வெள்ளைத் திடப்பொருளாக மாறுவதை ஜெர்மானிய வேதியியலாளர் ஓய்கன் பௌமன் 1872இலேயே பதிவுசெய்தார். கடினமாகவும் எளிதில் நொறுங்குவதாகவும் இருந்த அந்தப் பொருளால் அரை நூற்றாண்டுக்கும் மேல் பெரிய பயன் இல்லை. 1926இல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்டும் பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அதிகக் கொதிநிலை உள்ள கரைப்பான்களில் பி.வி.சி.யைச் சூடாக்கியபோது பசை கிடைக்கவில்லை. ஆறியபின் ரப்பர்போல வளையும் கூழ் ஒன்று கிடைத்தது. மழைக்கோட்டும் மின்கம்பி உறையும் அதிலிருந்து வந்தவை.

பி.வி.சி.யின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். அவற்றிலுள்ள குளோரின் அணுக்கள் பக்கத்துச் சங்கிலிகளை ஈர்ப்பதால் எல்லாம் இறுக்கமாகக் கிடக்கும். சிறிய பிளாஸ்டிசைசர் மூலக்கூறுகள் இடையில் புகுந்தால் சங்கிலிகளுக்கு இடம் கிடைக்கிறது, பொருள் நெகிழ்கிறது. பாலிமர் களிமண்ணில் இந்தப் புகுதல் பாதியில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லலாம். அறைச் சூட்டில் திரவம் துகள்களைச் சுற்றி ஈரமாக நிற்கிறது. உள்ளே முழுவதும் போவதில்லை. அதனால்தான் மாதக் கணக்கில் பிசையக்கூடிய நிலையிலேயே இருக்கிறது. காற்றில் உலரும் களிமண்ணோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே தண்ணீர் ஆவியாவதால் பொருள் இறுகுகிறது. இங்கே ஆவியாக எதுவும் இல்லை.

இந்தப் பிசையல் கைவினைக்கு வந்த வழியில் ஜெர்மனிக்குப் பெரிய பங்கு உண்டு. புகழ்பெற்ற பொம்மைத் தயாரிப்பாளர் கேத்தே குரூஸேயின் மகள் ஸோஃபி, வீட்டில் ஃபிஃபி என்று அழைக்கப்பட்டவர், இத்தகைய பிசையல் ஒன்றை உருவாக்கித் தன் செல்லப்பெயரிலேயே விற்றார். 1964இல் எபர்ஹார்ட் ஃபாபர் நிறுவனம் அதன் உரிமையை வாங்கியது. ஃபிமோ என்ற வணிகப் பெயர் பிறகு வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் ஸ்கல்பி உருவானது. மின்மாற்றிகளின் உள்ளகத்திலிருந்து வெப்பத்தைக் கடத்தும் பொருளாக நினைத்துத் தயாரிக்கப்பட்டு, அந்த வேலைக்கு உதவாமல் போய், சிற்பம் செய்வதற்குச் சரியாக அமைந்த பொருள் அது. 1991இல் நேன் ரோச் எழுதிய ‘தி நியூ க்ளே’ நூல் வெளிவந்தபின் இந்தக் கைவினை பரவலாகப் பேசப்பட்டது.

பிளாஸ்டிசைசர் துகளோடு வேதிப் பிணைப்பில் இல்லாததால் வெளியேறவும் முடியும். வேகாத பிசையலை வெள்ளைத் தாளின் மேல் ஓர் இரவு வைத்தால், காலையில் தாளில் எண்ணெய்க் கறை இருக்கும். பிசையல் சற்று விறைத்திருக்கும். மிகவும் குழைந்துபோன பிசையலை இறுக்குவதற்கு இதையே ஓர் உத்தியாகக் கைவினைஞர்கள் பயன்படுத்துகிறார்கள். கண்ணாடிபோலத் தெளிவான, தட்டினால் டொக்கென்று சத்தம் வரும் பாலிஸ்டைரீன் டப்பாவில் வைத்தால் திரவம் டப்பாவையே அரித்து, இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பாலிதீன் பையும் பாலிபுரொப்பிலீன் டப்பாவும் பாதிக்கப்படுவதில்லை. தமிழ்நாட்டு மே மாத வெயிலில் மாடி அறையிலோ நிறுத்திவைத்த காருக்குள்ளோ கிடந்த பாக்கெட் பிசைய வராமல் உதிர்ந்துபோவதற்கும் காரணம் இதே திரவம். சூட்டில் அது துகள்களுக்குள் புகத் தொடங்கிவிடுகிறது, பிசையல் அரைவேக்காடாகிவிடுகிறது.

முன்பு பிளாஸ்டிசைசராகப் பெரும்பாலும் தாலேட்டுகள் சேர்க்கப்பட்டன. ஹார்மோன்களைப் பாதிக்கும் என்ற கவலையால் குழந்தைகளின் பொம்மைகளில் அவற்றில் சிலவற்றை ஐரோப்பிய ஒன்றியம் முதலில் 1999இல் தற்காலிகமாகவும் 2005இல் நிரந்தரமாகவும் தடுத்தது. அமெரிக்கா 2008 சட்டத்தில் 0.1 விழுக்காடு என்ற வரம்பு வைத்தது. பெரிய நிறுவனங்கள் சிட்ரேட் போன்ற மாற்றுகளுக்கு நகர்ந்துவிட்டன. பெயர் தெரியாத மலிவு பாக்கெட்டுகளில் என்ன இருக்கிறது என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை. அவற்றை வாங்கி மிச்சம் பிடிப்பது ஆபத்தானது.

நிறங்கள் ஏன் கலப்பதில்லை

நீலமும் வெள்ளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தப்பட்டு, உருட்டப்பட்டு, குத்தப்பட்டபின்னும் அவற்றுக்கிடையே கோடு கூர்மையாகவே நிற்கிறது. இதற்கு இரண்டு காரணங்கள். பிசையல் சாதாரணத் திரவத்தைப் போல ஓடுவதில்லை. குறிப்பிட்ட அழுத்தத்துக்குக் கீழே அது திடப்பொருள். கொடுத்த வடிவத்தில் நிற்கும். அழுத்தம் அந்த எல்லையைத் தாண்டினால் மட்டும் நகரும். நகரும்போதும் பாகுத்தன்மை மிக அதிகமாக இருப்பதால் சுழிப்பு ஏற்படுவதில்லை. அடுக்குகள் நீளும், மெலியும், வளையும். ஆனால் ஒன்றுக்குள் ஒன்று புரளாது.

இரண்டாவது காரணம் அளவு. நிறமித் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை என்றாலும் மூலக்கூறுகளோடு ஒப்பிட்டால் மலை. அவை எல்லையைக் கடந்து அடுத்த நிறத்துக்குள் விரவ முடியாது. பிளாஸ்டிசைசர் மூலக்கூறுகளோ தாராளமாகக் கடக்கும். ஆகவே எல்லையின் இருபுறத்தையும் ஒட்டவைக்கும் பொருள் நகர்கிறது, நிறம் நகர்வதில்லை. உலோகக் கலைஞர் உலையின் சூட்டை நுணுக்கமாகக் கட்டுப்படுத்திப் பெற்ற பலன் இங்கே சிரமமின்றிக் கிடைக்கிறது. துகளாக அல்லாமல் கரைந்த சாயமாக நிறம் சேர்க்கப்பட்ட சில ஒளிர் வண்ணங்கள் விதிவிலக்கு. அவை வெள்ளைக்குள் கசியும்.

அடுக்குதல்

முதல் வேலை பிசைதல். பாக்கெட்டிலிருந்து எடுத்த கட்டி விறைப்பாக இருக்கும். வளைத்தால் விரிசல் விடும். பிசையும்போது துகள்களிடையே உண்டான தளர்வான பிணைப்புகள் உடைந்து, தேங்கிய பிளாஸ்டிசைசர் எங்கும் பரவுகிறது. கையால் பிசைந்து, பாஸ்தா மெஷினின் உருளைகளுக்கிடையே பலமுறை விட்டு எடுப்பார்கள். மடித்த தகட்டை விடும்போது மடிப்பு முன்னால் போக வேண்டும். திறந்த பக்கம் முதலில் போனால் மடிப்புக்குள் காற்று சிறைப்படும். வேகும்போது அந்தக் காற்று விரிந்து மேற்பரப்பில் கொப்புளமாகும்.

ஒரு ஜோடிக் காதணிக்கு அடுக்கு இப்படி அமையலாம்: கருநீலம், வெள்ளை, ஒளி ஊடுருவும் நிறமற்ற பிசையல், செம்மண் நிறம். ஒவ்வொன்றும் 1.5 மில்லிமீட்டர் கனம். நான்கும் சேர்ந்து 6 மில்லிமீட்டர். இதைப் பாதியாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மறுபடி 6 மில்லிமீட்டராக உருட்டினால் 8 அடுக்கு. மீண்டும் செய்தால் 16. ஒவ்வோர் அடுக்கும் 0.375 மில்லிமீட்டர். இந்த இரட்டிப்பில் ஓர் ஆசைப்பொறி இருக்கிறது. ஐந்து முறை செய்தால் 128 அடுக்கு கிடைக்கும். ஒவ்வொன்றின் கனமும் 0.05 மில்லிமீட்டருக்கும் குறைந்துவிடும். ஓர் அடி தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு 0.1 மில்லிமீட்டருக்குக் குறைவான கோடுகளைப் பிரித்தறிவது கடினம். அப்படிப்பட்ட அடுக்கைச் செங்குத்தாக வெட்டினால் கோடுகள் தெரியாது, மங்கலான ஒரே நிறம்தான் தெரியும். 12 முதல் 20 அடுக்கு போதுமானது. அதற்குமேல் உழைப்பு கூடுகிறதே தவிர அழகு கூடுவதில்லை.

நிறத் தேர்விலும் இதே எச்சரிக்கை வேண்டும். பக்கத்துப் பக்கத்து அடுக்குகள் நிறத்தில் மட்டும் வேறுபட்டால் போதாது, வெளிர்மையிலும் வேறுபட வேண்டும். பச்சையும் சிவப்பும் ஒரே அளவு அடர்த்தியாக இருந்தால் மெல்லிய கோடுகளில் இரண்டும் சேர்ந்து சேற்று நிறமாகத் தெரியும்.

உலோக இலை சேர்ப்பது பலருக்கும் பிடித்த வழக்கம். உண்மையான தங்க இலையின் கனம் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். கடைகளில் மலிவாகக் கிடைப்பது பித்தளை இலை. பிசையல் உருட்டும்போது நீளும். இலை நீளாது, பிளக்கும். அந்தப் பிளவுகள்தான் வெட்டு முகத்தில் மின்னல் கீற்றுகளாகத் தெரிகின்றன. பிளவு இல்லாவிட்டால் சிக்கல் வேறு. இலைக்கு மேலும் கீழும் உள்ள பிசையல் ஒன்றையொன்று தொட முடியாமல், அடுக்கு அந்த இடத்தில் பிரியும். ஆகவே இலை வைத்த தகட்டை ஒருமுறை உருட்டிப் பிளக்கவிட்ட பிறகே அடுக்குவது நல்லது. பித்தளை இலை காற்றுபட்டால் கறுக்கும். அதன்மேல் நிறமற்ற பிசையலின் மெல்லிய அடுக்கு ஒன்று இருந்தால் பளபளப்பு நீடிக்கும்.

குத்தலும் சீவலும்

தேக்குப் பலகையின் அழகு எங்கிருந்து வருகிறது என்பதைத் தச்சர்கள் அறிவார்கள். அடிமரத்தைக் குறுக்கே அறுத்தால் ஆண்டு வளையங்கள் வட்டங்களாகத் தெரியும்; நீளவாக்கில் மையத்தை விட்டு விலகி அறுத்தால் கூர்மையான வளைவுகள் ஒன்றுக்குள் ஒன்றாக வரும். மரம் ஒன்றுதான், அறுத்த கோணமே வேறு. அடுக்கில் நடப்பதும் இதுவே.

தட்டையான அடுக்கை மேற்பரப்புக்கு இணையாகச் சீவினால் ஒரே நிறம் வரும். வரி தோன்ற வேண்டுமானால் அடுக்கு சாய வேண்டும். அதற்காகத்தான் குத்துவது. உருண்டை முனைக் கருவி, பேனா மூடி, திருகாணி, சிறு பிஸ்கட் அச்சு என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து மேலிருந்து ஆழமாக அழுத்துவார்கள். அழுத்திய இடத்தில் மேல் அடுக்குகள் கீழே இறங்குகின்றன. பக்கத்தில் மேடு எழுகிறது. பிறகு கட்டியைச் சுற்றிலும் உள்ளங்கையால் நெருக்கி, குழிகளை மூடி, மேசையில் உறுதியாக ஒட்டவைப்பார்கள். மேல்முகம் சமமாகிவிட்டாலும் உள்ளே அடுக்குகள் அலை அலையாகவே கிடக்கின்றன.

இப்போது சீவல். கட்டியைக் கொஞ்ச நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் பிளேடு இழுக்காமல் போகும். நீண்ட, வளையக்கூடிய பிளேடின் இரு முனைகளையும் பிடித்து, லேசாக வில்போல வளைத்து, மேலோட்டமாக ஒரு சீவு. முதல் சீவலில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. மேல் நிறம் மட்டும் வரும். இரண்டாவது, மூன்றாவது சீவலில் உருண்டை முனை இறங்கிய இடங்களில் வட்டத்துக்குள் வட்டமாக நீலம், வெள்ளை, செம்மண் நிறம் தெரியத் தொடங்கும். ஒவ்வொரு வட்டமும் ஓர் அடுக்கின் எல்லை. நிலப்படத்தில் சம உயரக் கோடுகள் மலையைக் காட்டுவதைப் போலவே இவை உள்ளிருக்கும் குழியின் வடிவத்தைக் காட்டுகின்றன. கோடுகள் நெருங்கினால் குழியின் சுவர் செங்குத்து. விலகினால் சரிவு மென்மை.

இந்த விலகலுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. அடுக்கின் கனத்தைச் சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பால் வகுத்தால், மேற்பரப்பில் தெரியும் பட்டையின் அகலம் வரும். 0.4 மில்லிமீட்டர் அடுக்கு செங்குத்தாக நின்றால் 0.4 மில்லிமீட்டர் கோடு. 30 பாகையில் சாய்ந்தால் 0.8. 10 பாகையில் 2.3. 5 பாகையில் 4.6. நுட்பமான வரிகளும் அகன்ற திட்டுகளும் ஒரே கட்டியில் கலந்து வருவது இதனால்தான். கூரான முனையால் ஆழமாகக் குத்தினால் மெல்லிய வளையங்கள். பெரிய உருண்டையால் லேசாக அழுத்தினால் ஏரிக்கரைபோல விரியும் பட்டைகள். வேலை பழகியவர் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தச் சைன் கணக்கைத்தான் கையால் போடுகிறார்.

மற்றொரு வழி, அச்சுத் தகட்டின் மேல் அடுக்கை வைத்து அழுத்தி, எழுந்த மேடுகளை மட்டும் சீவி எறிவது. பூவேலை, கோலம், இலை என்று அச்சிலுள்ள வடிவம் அப்படியே வரிகளாகக் கிடைக்கும். ஒழுங்கு வேண்டுவோருக்கு இது ஏற்றது. ஆனால் குத்திச் சீவியதில் வரும் எதிர்பாராத திருப்பங்கள் இதில் வருவதில்லை. அச்சுத் தகட்டின் வேலை அச்சுத் தகடாகவே தெரிந்துவிடுகிறது.

சீவிய துண்டுகளில் நல்லவற்றை, ஒரே நிறத்தில் உருட்டிய 2 மில்லிமீட்டர் அடித்தகட்டின் மேல் பரப்பி உருட்டினால் சமமாக ஒட்டிக்கொள்ளும். ஒரு ஜோடியில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது. அடுத்தடுத்த இரண்டு சீவல்களை எடுத்தால் ஓரளவு ஒத்துவரும். அவற்றில் ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் வலமும் இடமும் எதிரெதிர்ப் பிம்பங்களாக அமையும். காதுக்கு அதுவே பொருத்தம். பிறகு வட்டமோ நீர்த்துளியோ அரைவட்டமோ அச்சால் வெட்டி, கொக்கிக்கான துளையை இப்போதே போட்டுவிட வேண்டும். வெந்தபின் துளையிட்டால் ஓரம் பிளக்கும்.

சூட்டில் நடப்பது

மண் நகைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இந்தக் கட்டத்தில் தெரியும். தமிழ்நாட்டில் வீட்டிலேயே டெரகோட்டா நகை செய்யும் பெண்கள் பலர் உண்டு. அவர்கள் பயன்படுத்தும் மண்ணில் நீரின் கூறுகள் கனிமத்தின் கட்டமைப்பிலேயே பிணைந்திருக்கின்றன. அவை வெளியேறி மண் திரும்ப முடியாதபடி மாற 500 பாகை செல்சியஸுக்கு மேல் வேண்டும். ஆகவேதான் வறட்டியும் உமியும் வைத்த சூளை. பாலிமர் களிமண்ணுக்கு 110 முதல் 135 பாகை போதும். சில வகைகளுக்கு 150. பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் அளவே இறுதி விதி.

அந்தச் சூட்டில் பிளாஸ்டிசைசர் துகள்களுக்குள் வேகமாகப் புகுகிறது. துகள்கள் உப்பி, ஒன்றையொன்று நெருக்கி, கூழாகின்றன. தொடர்ந்து சூடு இருந்தால் ஒரு துகளின் சங்கிலிகள் பக்கத்துத் துகளின் சங்கிலிகளோடு பின்னிக்கொண்டு, துகள் என்ற எல்லையே மறைந்துவிடும். ஆறியபின் கிடைப்பது தொடர்ச்சியான ஒரே பிளாஸ்டிக். இதில் புதிய வேதிப்பொருள் எதுவும் உருவாவதில்லை. நடப்பது கரைதலும் பின்னலும் மட்டுமே.

இதிலிருந்து ஒரு நடைமுறை உண்மை கிடைக்கிறது. சூடு குறைவாக இருந்தால் மேற்பரப்பு கெட்டியாகி ‘வெந்துவிட்டது’ என்று ஏமாற்றும். உள்ளே துகள்கள் ஒட்டியிருக்குமே தவிரப் பின்னியிருக்காது. அப்படிப்பட்ட காதணி தரையில் ஒருமுறை விழுந்தால் பிஸ்கட்போல உடையும். சரியாக வெந்த 2 மில்லிமீட்டர் தகடு வளைத்தால் வளையும், உடையாது. அதே அடுக்கிலிருந்து ஒரு சிறு கீற்றையும் கூடவே வேகவைத்து, ஆறியபின் வளைத்துப் பார்ப்பது எந்தக் கருவியையும்விட நம்பகமான சோதனை. 6 மில்லிமீட்டர் கனத்துக்கு 30 நிமிடம் என்று பல நிறுவனங்கள் சொல்கின்றன. சூடு அளவுக்குள் இருந்தால் கூடுதல் நேரத்தால் கேடில்லை.

அளவைத் தாண்டினால் கதை வேறு. பி.வி.சி. சங்கிலியிலிருந்து குளோரின், ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகப் பிரியத் தொடங்கும். வெளிர் நிறங்கள் பழுப்பாகும். பிறகு கறுத்துக் கொப்புளிக்கும். மூக்கைத் துளைக்கும் நெடி வரும். ஈரமான மூச்சுக்குழாயில் அந்த வாயு அமிலமாகிறது. அடுப்பை அணைத்து, சன்னல்களைத் திறந்துவிட்டு, அறையைவிட்டு வெளியேறுவதே அப்போது செய்யத்தக்கது. வீட்டு ஓடிஜியின் திருகில் 130 என்று காட்டினாலும் உள்ளே சூடு ஏறியிறங்கிக்கொண்டே இருக்கும். மேல் கம்பிக்கு அருகில் இன்னும் அதிகம். தனியே ஓர் அடுப்பு வெப்பமானி வைப்பது வீண்செலவு அல்ல. காதணிகளை இரண்டு தரை ஓடுகளுக்கிடையே வைத்தால் ஓடுகள் சூட்டின் ஏற்ற இறக்கத்தை வாங்கிக்கொள்ளும், தகடும் வளையாமல் இருக்கும். மேலே அலுமினியத் தாளால் மூடலாம். மைக்ரோவேவ் அடுப்பு இதற்கு ஆகாது. இந்த வேலைக்கு எடுத்த தட்டையும் கரண்டியையும் திரும்பச் சமையலுக்குக் கொண்டுபோகக் கூடாது.

நிறமற்ற பிசையல் வெந்தபின் தெளிவடைவதற்கும் இந்தக் கரைதலே காரணம். வேகாதபோது துகளுக்கும் திரவத்துக்கும் இடையிலுள்ள எண்ணற்ற எல்லைகளில் ஒளி சிதறுகிறது. பொருள் பால்போலத் தெரிகிறது. துகள்கள் கரைந்து எல்லைகள் மறையும்போது சிதறல் குறைகிறது. அடியில் புதைந்த கருநீலக் கோடு அப்போதுதான் ஆழத்திலிருந்து எட்டிப்பார்க்கும். அடுப்பிலிருந்து எடுத்தவுடன் பனிக்கட்டி நீரில் போட்டால் தெளிவு கூடும் என்பது கைவினைஞர்களிடையே உள்ள வழக்கம். சிறு பிறை வடிவ வெண்புள்ளிகள் தோன்றினால், உள்ளே ஈரமோ காற்றோ அகப்பட்டிருந்தது என்று அவர்கள் கணிக்கிறார்கள்.

மெருகும் கொக்கியும்

ஆறிய துண்டைத் தண்ணீருக்கடியில் 400, 600, 800, 1000 என ஏறும் எண்ணுள்ள உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்ப்பார்கள். தண்ணீர் தூசியைக் காற்றில் பறக்கவிடாது. பி.வி.சி. தூசி நுரையீரலுக்குப் போகாமலிருக்க இது அவசியம். எண்ணைத் தாண்டிக் குதித்தால் முந்தைய கீறல்கள் தங்கிவிடும். கடைசியில் பழைய ஜீன்ஸ் துணியால் அழுத்தித் துடைத்தாலே கண்ணாடி மினுமினுப்பு வரும். தெளிப்பு வார்னிஷ்கள் சில இதன்மேல் ஒருநாளும் உலராமல் பிசுபிசுக்கும். அவற்றின் கரைப்பானும் பிளாஸ்டிசைசரும் ஒத்துப்போகாததே காரணம். நன்றாகத் தேய்த்த மோகுமே கானேவுக்கு வார்னிஷ் தேவையும் இல்லை.

கொக்கியைக் கோக்கும் சிறு உலோக வளையத்தை இரு குறடுகளால் பிடித்து, ஒரு முனையை முன்னும் மற்றொன்றைப் பின்னுமாகத் திருகித் திறக்க வேண்டும். இரு பக்கமும் இழுத்து விரித்தால் வட்டம் சிதைந்து, மூடியபின்னும் இடைவெளி நிற்கும். அந்த இடைவெளி வழியாகவே காதணி ஒருநாள் தொலையும். தோடாகச் செய்வதானால் பின்புறத் தண்டின் தட்டையான தலையை வேகும் முன்பே பிசையலின் மெல்லிய தகடு ஒன்றால் மூடி ஒட்டினால், பசையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

காதுத் துளைக்குள் போகும் உலோகத்தில் மிச்சம் பிடிப்பது தவறு. மலிவான கொக்கிகளில் நிக்கல் இருக்கும். வியர்வையில் அது கரைந்து தோலுக்குள் போனால், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அரிப்பும் நீர்வடிதலும் வரும். ஒருமுறை வந்த நிக்கல் ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். துளைக்குள் செருகும் உலோகத்திலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. டைட்டானியம், நியோபியம் கொக்கிகளில் இந்தக் கவலை இல்லை. அறுவைசிகிச்சைத் தர எஃகில் நிக்கல் இருந்தாலும் அது மிகக் குறைவாகவே வெளியேறும். விற்பனைக்குச் செய்பவர்கள் கொக்கி எந்த உலோகம் என்பதை அட்டையில் எழுதிக் கொடுப்பது வாங்குபவரின் உரிமை சார்ந்த விஷயம். கேட்டு வாங்குவது அவருடைய பொறுப்பு.